பத்தாம் நம்பர் செருப்பு

நான் ஒட்டுக்கேட்கவில்லை. பேரையூர் பஸ்ஸில் முன்சீட்டு அக்கா பேசியது டிரைவருக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் இருந்தவளின் வீட்டுக்காரர் வேலைக்காகக் கோயம்புத்தூர் போகிறாராம். புது வீட்டில் இவள் தனியாக இருக்க வேண்டும்.

"பூட்டெல்லாம் அப்புறம். மொதல்ல வாசல்ல ஆம்பளச் செருப்பு ஒரு ஜோடி போட்டு வையி. திருடன் யோசிப்பான்."

"புதுசாக்கா?"

"புதுசுன்னா அதையே தூக்கிட்டுப் போயிருவான். மண்ணுல தேச்சுப் பழசாக்கு. தெனமும் இடம் மாத்தி வையி. மழை பேஞ்சா உள்ள எடுத்துரு."

"உங்க வாசல்ல கெடக்கது அண்ணன் செருப்பாக்கா?"

"அந்தாளு என்னைய விட்டுட்டுப் போறப்ப அதப் போட்டுக்கிட்டுல்ல போனாரு. இது நான் வாங்குனது. பத்தாம் நம்பரு."

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.

"திருடன் எவனும் வந்தானாக்கா?"

"திருடன் வரல. போன மாசம் அந்தாளுதேன் வந்தாரு, ஆறு வருசங் கழிச்சு. கேட்டைத் தொறந்தாரு, செருப்பைப் பாத்தாரு, கொஞ்ச நேரம் நின்னாரு, திரும்பிப் போயிட்டாரு."

"அய்யய்யோ, நீங்க கூப்பிடலையா?"

"ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். பத்தாம் நம்பரே வாங்கு, என்ன?"