லாரி நின்றது, நோடு படித்தது

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அச்சகத்து ஐயா அவர்களே, அவருக்குப் பக்கத்தில் பெருமையும் பொறுமையுமாக வீற்றிருக்கும் சங்கத்து மூத்தவர்களே, கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, வாசலோரம் நின்று கேட்டுவிட்டு நைசாக நழுவிவிடலாம் என்று நினைக்கும் தம்பிமார்களே, என் தோளைப் பிடித்துத் தள்ளி என்னை மேடையேற்றிய என் அண்ணியே, உங்கள் எல்லோருக்கும் இந்தத் தையல்காரியின் வணக்கம்.

மேடைத் திரை தைக்கிறவள் நான். மேடைக்குப் பின்னால் ஊசியோடு உட்கார்ந்தே பழக்கம். என்னை முன்னால் நிறுத்தி, கையில் மைக்கையும் கொடுத்துவிட்டீர்கள். இனி நான் பேசி முடிக்கும்வரை உங்களுக்கும் வேறு வழியில்லை.

இன்று நம் சங்கத்துக்கென்று ஒரு நோடு ஓடத் தொடங்குகிறது. அது என்ன எழவு என்று மூன்றாவது வரிசை அக்கா பக்கத்து அக்காவைக் கேட்கிறார். அவரைக் கேட்காதீர்கள் அக்கா, அவருக்கும் தெரியாது. நான் சொல்கிறேன். வெளியூர்க்காரர்கள் சிலர் நமக்கு பிளாக்செயினில் பணம் அனுப்புகிறார்கள் அல்லவா? அங்கே நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பிளாக் பிளாக்காக, ஒன்றோடு ஒன்று கோத்து எழுதப்படுகிறது. அந்தச் சங்கிலி முழுவதையும் முதல் பிளாக்கிலிருந்து தானே இறக்கி, தானே சரிபார்த்து, தன்னிடமே வைத்துக்கொள்ளும் கணினிதான் முழு நோடு. யார் சொல்லையும் அது நம்பாது. ஆமாம் அக்கா, உங்கள் மாமியார் மாதிரியேதான்.

எங்கள் பட்டறைக்கு அதைக் கொண்டுவந்தவர் கணினி பழுதுபார்க்கும் ஒயர் அண்ணன். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு டிஸ்க், பின்னால் இணைய ஒயர், அவ்வளவுதான். முதலில் பழைய டிஸ்க் ஒன்றை மாட்டிப் பார்த்தோம். அது நத்தையாக நகர்ந்தது. வேகமான புது டிஸ்க் வாங்கிப் போட்ட பிறகும் நாள்கணக்கில் படித்துக்கொண்டே இருந்தது. எங்கள் அவஸ்தையைப் பார்த்து ஒயர் அண்ணன் மனமிரங்கினார்.

"என்கிட்ட எல்லாம் சரிபார்த்தது ரெடியா இருக்கும்மா. அப்படியே காப்பி பண்ணித் தர்றேன், சாயங்காலமே ஓட ஆரம்பிச்சிடும்."

அண்ணி தையலை நிறுத்தவே இல்லை. "நீங்க நல்லவர்தான்ணே. ஆனா நீங்க சாப்பிட்டா எனக்கு எப்படிப் பசி அடங்கும்? அதுவே படிக்கட்டும்."

படித்தது. பொறுமையாகப் படித்தது, புலம்பாமல் படித்தது, ஒரு வழியாகப் படித்து முடித்தது. அன்றிலிருந்து எங்களுக்கு யார் பணம் அனுப்பினாலும் ஊரார் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் பெட்டியே சொல்லிவிடும். ஒயர் அண்ணனுக்கு என் முதல் நன்றி. காப்பி தருகிறேன் என்று சொன்னதற்கும் நன்றி, வேண்டாம் என்றதும் கோபித்துக்கொள்ளாமல் சிரித்ததற்கும் நன்றி.

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். தூரத்து நாடக அரங்கு ஒன்றுக்கென்று ஒருவர் எங்களிடம் பெரிய வெல்வெட் திரை கேட்டார். மாதக்கணக்கான வேலை. கடன் சொல்லித் துணி எடுத்தோம். பட்டறைப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரே திரைமேல் குனிந்து கிடந்தார்கள். அதற்கு வரும் பணத்தில்தான் அவர்கள் கூலி, பட்டறையின் வாடகை, எல்லாமே. அது கைவிட்டுப் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வெல்வெட் வெட்டினால் பஞ்சு பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பஞ்சு நோட்டின் காற்றாடியில் போய் அடைத்துக்கொண்டது. அண்ணி பார்த்தார். பாவமே என்று இரக்கப்பட்டார். திரைக்காரி இரக்கப்பட்டால் என்ன செய்வாள்? உறை தைப்பாள்! வெட்டி மிஞ்சிய வெல்வெட்டில், ஓரம் மடித்து, குஞ்சம் வைத்து, அச்சு அசலாக மேடைத் திரை மாதிரியே ஓர் உறை. எங்கள் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. உள்ளே வெந்து, சூடு தாங்காமல் அணைந்து போனது எங்கள் யாருக்கும் தெரியாது. சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை.

திரை கேட்டவர் அனுப்பிய லாரி வாசலில் வந்து நின்றது. திரையைச் சுருட்டி ஏற்றியாகிவிட்டது. வாங்குகிறவர் போனில் வந்தார்.

"பணம் போட்டாச்சும்மா. லிங்க் அனுப்பியிருக்கேன், பச்சை டிக் விழுந்திருக்கு பாருங்க."

பார்த்தேன், பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. எங்கள் கணக்கைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ஒயர் அண்ணனை அழைத்தோம். வந்தவர் உறையைத் தூக்கிப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்குப் போர்வை போத்தினது யாரு?"

அண்ணி தரையைப் பார்த்தார். ஒயர் அண்ணன் பஞ்சைத் தட்டிப் பெட்டியை மறுபடி ஓடவிட்டார். பெட்டி அணைந்து கிடந்த செய்தி போனில் இருந்தவருக்கு வசதியாகப் போயிற்று. "உங்க மிஷின்தான் பின்தங்கியிருக்கும்மா. ஊரே பார்க்கிற பக்கத்துல வந்தாச்சு, உங்களுக்கு மட்டும் என்ன சந்தேகம்? லாரியை அனுப்புங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் மிஷின் பின்தங்கித்தான் இருந்தது. அந்தப் பாதி உண்மைதான் என்னைப் பயமுறுத்தியது. நல்ல வாடிக்கையாளரைச் சந்தேகப்பட்டு இழந்துவிடுவேனோ என்று நினைத்தேன். அனுப்பிவிடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது அண்ணி லாரி ஓட்டுநர் பக்கம் போனார்.

"தம்பி, டீ போடறேன். இந்தப் பெட்டி விட்டதைப் படிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் இருப்பீங்களா?"

"எனக்கு அடுத்த லோடு காத்துக்கிட்டிருக்குக்கா."

"இதுக்குள்ள பத்துப் பொண்ணுங்களோட கூலி இருக்கு தம்பி."

அவர் சுருட்டிய திரையைப் பார்த்தார். சன்னலோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு இறங்கி, லாரிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் வாடகைக்கு வந்தவன். ஏத்துன்னா ஏத்துவேன், இறக்குன்னா இறக்குவேன். படிக்கட்டும்கா."

என் அருமைத் தாய்மார்களே, அந்த மனிதருக்கு நாங்கள் உறவா? ஒரே ஊரா? முன்பின் பார்த்த முகமா? அவருக்கு வாடகை கொடுப்பவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த லோடும் கையைவிட்டுப் போனது. ஆனாலும் அவர் அசையவில்லை. பெட்டி தன் பழைய பக்கங்களைச் சரிபார்த்தது, விட்ட பிளாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கியது, கடைசி பிளாக்வரை வந்து நின்றது. ஒயர் அண்ணன் தன் வீட்டு நோட்டோடு கடைசி பிளாக்கின் எண்ணை ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே.

"எல்லாத்தையும் படிச்சிருச்சும்மா. உங்களுக்கு எதுவும் வரலை. அந்தப் பச்சை டிக் பக்கம் போலி, அசலைப் பார்த்து வரைஞ்சது."

நான் அதைப் போனில் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே அவர் போனை வைத்துவிட்டார். ஓட்டுநர் தானாகவே எழுந்து திரையை இறக்கத் தோள் கொடுத்தார். அவர் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் வெட்கப்படுவார், அதனால் நீங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்து ஒரு கை தட்டுங்கள். தம்பி, உங்கள் பொறுமைக்கு என் உயிருள்ளவரை நன்றி.

திரை தப்பியது. ஆனால் அவ்வளவு பெரிய திரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? போர்த்திக்கொண்டு படுப்பேனா? அப்போது அச்சகத்து ஐயா அளவு நாடாவோடு பட்டறைக்கு வந்தார்.

"நம்ம மன்றத்து மேடைக்கு இது ரொம்ப அகலமாச்சேம்மா."

"மடிப்பு அதிகமா வச்சுத் தொங்கவிடலாங்கய்யா," என்றார் அண்ணி.

"அப்ப வைங்க. சங்கம் வாங்கிக்குது."

அந்த வாரம் என் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் இவ்வளவு நேரமும் எதற்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? பாருங்கள் இந்த வெல்வெட்டை! பாருங்கள் இந்த மடிப்புகளை! போலி டிக்கை நம்பியிருந்தால் பறிபோயிருக்கும் திரை, பொறுத்தவர்கள் பொறுத்ததால் உங்கள் முன்னால் தொங்குகிறது. இதை வாங்கி எங்கள் பட்டறையைக் காத்தது நீங்கள்தான். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

இந்தத் திரைக்குப் பின்னால் சங்கத்தின் நோடு காத்திருக்கிறது. ஒயர் அண்ணன் காலையில் வந்து, காப்பி பண்ணித் தரட்டுமா என்று மறுபடி கேட்டார். சங்கமே சேர்ந்து வேண்டாம் என்றது. அதுவும் முதல் பிளாக்கிலிருந்து தானே படிக்கட்டும். இனி நம்மில் யாரும் அந்தப் பயத்தைத் தனியாக அனுபவிக்க வேண்டியதில்லை. வந்து கேளுங்கள், நம் பெட்டி சொல்லும்.

அவை நிறைந்த அன்பர்களே, பேசத் தெரியாதவளைப் பொறுத்துக் கேட்டீர்கள். உங்கள் கடைகளில் வியாபாரமும் வீடுகளில் நிம்மதியும் நிலைக்கட்டும். நன்றியோடு வணங்கி அமர்கிறேன். அண்ணி, வாருங்கள், திரையை விலக்கி நீங்களே பொத்தானை அழுத்துங்கள். அதற்கு முன்னால் அந்தக் கைப்பையை இப்படிக் கொடுங்கள். ஓரத்தில் வெல்வெட் குஞ்சம் எட்டிப் பார்க்கிறது.