உரிய வழியாக ஒரு மனு

மனைவி: என்ன காகிதம் அது? நான் கண்ண மூடினா பாக்கெட்லேர்ந்து வெளிய வருது, தொறந்தா உள்ள போயிடுது.

கணவர்: ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி சீட்டு.

மனைவி: ஆஸ்பத்திரி சீட்டுல உங்க கையெழுத்து எதுக்கு? குடுங்க.

கணவர்: நீ பேசாம படு. அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

மனைவி: கைய அசைக்கலாம்னார். குடுங்க... "அனுப்புநர்..." அட, நம்ம வீட்டு விலாசம். "பெறுநர்: பரலோகத்திலிருக்கிற பிதா அவர்கள்." என்னங்க இது?

கணவர்: ஜெபம்.

மனைவி: ஜெபமா? "அவசரம்"னு முத்திரை குத்தியிருக்கு.

கணவர்: அது பழக்கத்துல விழுந்துடுச்சு. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ்ல எழுத்தரா இருந்த கை சும்மா இருக்குமா?

மனைவி: "உரிய வழியாக: இயேசு கிறிஸ்து"...

கணவர்: எல்லாரும் கடைசியிலதான் சொல்வாங்க, இயேசுவின் நாமத்தில்னு. நான் மேலயே போட்டுட்டேன். யார் மூலமா வந்த மனுன்னு பாக்கறவருக்கு முதல்லயே தெரியணும்ல.

மனைவி: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. நெஞ்சுல ஒட்டின ஒயரெல்லாம் கழண்டுடும்.

கணவர்: அப்ப படிக்காத.

மனைவி: "பொருள்: மனைவிக்கு இதய வால்வு மாற்றும் அறுவை சிகிச்சை, நல்லபடியாக முடித்துத் தரக் கோருதல்." மனைவின்னு மொட்டையா போட்டிருக்கீங்க. பேர் வேணாமா?

கணவர்: அவருக்குத் தெரியாதா?

மனைவி: பேர் தெரியும், ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் தெரியாதாக்கும். "இணைப்பு"ன்னு ரெண்டு நகல் பின் பண்ணியிருக்கு.

கணவர்: தெரிஞ்சாலும் ஃபைல்ல இருக்கணும்மா. நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது.

மனைவி: யாருகிட்டேர்ந்து பேச்சு வரும், தேவதூதர்கிட்டேர்ந்தா? சரி, இத எப்படி அனுப்பறதா உத்தேசம்?

கணவர்: பைபிள்ல வைப்பேன். மூணு நாள் பாத்துட்டு நினைவூட்டுக் கடிதம். இது... மூணாவது நினைவூட்டு.

மனைவி: ஏங்க, வாயத் தொறந்து சொன்னா என்ன?

கணவர்: எனக்கு வராது. அவர் எவ்வளவு பெரிய இடம். திடுதிப்புன்னு போய் நின்னு என்னத்தப் பேச? அதிகாரி ரூமுக்கே நான் செருப்பு சத்தம் கேக்காமத்தான் போவேன்.

மனைவி: அவர் அதிகாரி இல்லங்க, அப்பா. வாரா வாரம் "எங்கள் பிதாவே"ன்னு சொல்றீங்களே.

கணவர்: எங்கப்பாகிட்டயே நான் எங்கம்மா மூலமாத்தான் பேசினேன்.

மனைவி: நான் அடுப்படியில நின்னு பேசுவேன். "பாருங்க ஆண்டவரே, இந்த மனுஷன் இன்னைக்கும் குடைய எங்கயோ விட்டுட்டு வந்துட்டார்"னு.

கணவர்: இரு, இரு. அது அவர்கிட்டயா?

மனைவி: பின்ன?

கணவர்: உன் தங்கச்சிகூட போன்ல பேசறேன்னு நெனச்சேன். சில சமயம் என்கிட்டத்தான்னு... "நீங்க கூடவே இருந்தா போதும்"பியே?

மனைவி: அவர்கிட்ட.

கணவர்: நான் ஹால்லேர்ந்து "சரிம்மா"ன்னேனே.

மனைவி: நல்லா ஞாபகம் இருக்கு. இன்னொரு நாள், "எப்பத்தான் நான் சொல்றதக் கேப்பீங்க"ன்னு கண்ணீர் விட்டு அழறேன். "பேப்பர் படிச்சிட்டு வரேன்"னு பதில் வருது.

கணவர்: தண்ணி மோட்டார் ரிப்பேரச் சொல்றேன்னு நெனச்சேன்.

மனைவி: ஒரு நிமிஷம் அவரே சொல்றாரோன்னு ஆடிப் போயிட்டேன்.

நர்ஸ்: அம்மா, பத்து நிமிஷத்துல உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம். மோதிரம், கம்மல் எல்லாம் கழட்டி சார்கிட்ட குடுத்துடுங்க. அது என்ன சார், எங்க ஆஸ்பத்திரி ஃபாரமா?

கணவர்: இல்லம்மா. இது வேற... துறை.

நர்ஸ்: எந்தத் துறையா இருந்தாலும் கீழ கவுன்டர்ல குடுத்துடுங்க சார். இதோ வந்துடறேன்.

மனைவி: கேட்டீங்களா, கீழ குடுக்கணுமாம். நீங்க மேல அனுப்பிக்கிட்டிருக்கீங்க.

கணவர்: உனக்கு எல்லாம் விளையாட்டு.

மனைவி: சரி, மடிச்சு வைங்க. என் கையப் பிடிங்க. இப்ப நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. சத்தமா.

கணவர்: இங்கயா? பக்கத்து கட்டில்ல ஆள் இருக்கார்.

மனைவி: அவருக்கு ஊசி போட்டாச்சு. தூங்கறார்.

கணவர்: ம்... மகா கனம் பொருந்திய ஆண்டவர் அவர்களுக்கு...

மனைவி: ம்ஹூம்.

கணவர்: தேவரீர் சமூகத்தில் அடியேன் தாழ்மையுடன்...

மனைவி: மறுபடியும் எழுதறீங்க. பேசுங்க.

கணவர்: ஆண்டவரே... நல்லா இருக்கீங்களா?

மனைவி: க்கும்...

கணவர்: சிரிக்காத. நீதான பேசச் சொன்ன.

மனைவி: சிரிக்கல. அவர் நல்லாத்தான் இருக்கார். மேல சொல்லுங்க.

கணவர்: ஆண்டவரே, இவளுக்கு இன்னைக்கு ஆபரேஷன். உங்களுக்கே தெரியும். எனக்கு கேஸ் பத்த வைக்கக் கூடத் தெரியாது... அதுக்காகக் கேக்கல. நான் ஓட்டல்ல சாப்ட்டுக்குவேன். ஆனா அடுப்படியிலேர்ந்து இவ பேச்சு சத்தம் வரணும். என்கிட்டப் பேசறாளா, உங்ககிட்டப் பேசறாளா... யார்கிட்டயோ பேசிட்டுப் போகட்டும். சத்தம் வந்தா போதும். எனக்கு பயமா இருக்கு ஆண்டவரே. உங்கள முழுசா நம்பறேன்னு எழுதிட்டேன், கீழ கையெழுத்தும் போட்டுட்டேன். ஆனா எப்படி நம்பறதுன்னு தெரியல. கத்துக் குடுங்க. இவள என்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க. அவ்வளவுதான். இப்படிக்கு...

மனைவி: இப்படிக்கு வேணாம்.

கணவர்: ஆமென்.

மனைவி: ஆமென்.

கணவர்: ஏம்மா அழற? வலிக்குதா? நர்ஸக் கூப்பிடவா?

நர்ஸ்: வந்துட்டேன் சார். கிளம்பலாமா அம்மா? சார், நீங்க அந்தக் கதவு வரைக்கும் வரலாம்.

கணவர்: உனக்கென்ன, நீ தினமும் பேசறவ. உள்ள போகும்போது நீயும் ஒரு வார்த்தை சொல்லிடு. நான் புதுசு. உன் பேச்சுக்குத்தான் அங்க மதிப்பு.

மனைவி: ஆபரேஷனுக்குத் தேதி குடுத்த நாள்லேர்ந்து நான் அவர்கூடப் பேசறதே இல்லைங்க. அவ்வளவு பயம், அவ்வளவு கோவம். அடுப்படியில சத்தம் நின்னுட்டா நீங்க பயந்துடுவீங்கன்னு பத்து நாளா பதினாறாம் வாய்ப்பாட்டத்தான் முணுமுணுத்துக்கிட்டிருந்தேன். இப்ப சொன்ன ஆமென்தான் முதல் வார்த்தை, அதுவும் உங்க ஜெபத்துக்கு. நிறுத்திடாதீங்க... நான் வெளிய வர்ற வரைக்கும் நீங்களே பேசிக்கிட்டிருங்க.