காலியாக விட்ட கட்டம்

மேடையில் இருக்கும் ஆய்வக இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கும் லேப் நண்பர்களே, என் பில்லிங் பிரிவுத் தோழர்களே!

இந்த இரங்கல் கூட்டத்தில் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்லதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் பொறாமையோடு. ஆறு வருடம் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

எங்கள் வேலை வெளியே தெரியாத வேலை. ஒருவரின் மரபணுவில் பிறழ்வு இருக்கிறதா என்று லேப் பார்க்கிறது. அது என்ன சோதனை, எதற்காக என்பதை எண்களாக மாற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்புவது நாங்கள். அவர்கள் அனுமதித்தால்தான் சோதனை தொடங்கும். எண் தவறினால் விண்ணப்பம் திரும்பி வரும். நோயாளி காத்திருப்பார்.

நான் படித்துவிட்டு வந்தவன். இந்த எண் போடும் வேலைக்கான கோடிங் தேர்வில் முதலிடம். அக்கா வரவேற்பு மேசையிலிருந்து மேலே வந்தவர். ஆனால் டாக்டர்கள் யாரைக் கேட்பார்கள்?

"மைக்ராஸ்கோப் அக்கா இருக்காங்களா?"

லேப்காரர்கள் வைத்த பெயர் அது. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் பார்க்கிறேன் என்று சொன்னாலும், பரவாயில்லை, அவர் வரட்டும் என்பார்கள். அக்கா டீ குடித்துக்கொண்டிருப்பார். அத்தனை பெரிய டாக்டர், போனில் காத்திருப்பார்! எனக்கு வயிறு எரியும்.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம். அண்ணனிடம் ஒரு பிறழ்வைக் கண்டுபிடித்திருந்தார்கள். தங்கைக்கும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும். அதற்குத் தனி எண். நான் முழு மரபணுவையும் படிக்கும் சோதனையின் எண்ணைப் போட்டுவிட்டேன். திரும்பி வந்தது.

திருத்துகிறவர் படிவத்தின் அடியில் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யார் தவறை யார் திருத்தினார் என்று மாதக் கடைசியில் மேலாளர் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அக்கா திருத்தினார். கட்டத்தைக் காலியாக விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"உன் ஃபைல்தானடா தம்பி. நீயே பாத்த மாதிரி இருக்கட்டும்."

நன்றி சொன்னேன். மன்னிக்கவில்லை. திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்குமே!

பதினோரு நாளைக்கு முன், அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள், அவர் கடைசியாக அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு தாய். மகனிடம் கண்ட பிறழ்வு அவரிடமும் இருக்கிறதா என்ற கேள்வி. அதே தவறு. அதே இரண்டு எண்கள்.

நண்பர்களே, என் மனம் துள்ளியது.

உடனே திருத்தியிருக்கலாம். அக்கா குணமாகி வரட்டும், எல்லோர் முன்னாலும் காட்டலாம் என்று என் இழுப்பறையில் வைத்தேன். அவர் வரவில்லை.

நேற்று அந்தத் தாய் போன் செய்தார்.

"என் பேப்பர் என்னாச்சுங்க? அந்த அம்மா கைக்குப் போனா கவலையே வேணாம்னு டாக்டர் சொன்னாரே."

என் பேனாக்களுக்கு அடியில் கிடந்தது அது.

போனை வைத்ததும் திருத்தி அனுப்பினேன். இன்று காலை அனுமதி வந்துவிட்டது. நாளை அவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். கட்டத்தை நானும் காலியாக விட்டேன்.

மகளே, உன் அம்மாவின் நாற்காலியை எனக்குத் தந்திருக்கிறார்கள். ஆறு வருடம் நான் கண் வைத்த நாற்காலி. உட்காருவேன். டாக்டரின் குறிப்பைக் கடைசி வரிவரை படிப்பேன். எவருடைய தாளும் என் இழுப்பறையில் ஒரு நாள்கூடத் தங்காது. இந்தச் சபைக்கு நான் கொடுக்கும் வாக்கு இது.

ஒன்று மட்டும். என் தவறை அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய ஒரே தவறை நான் மைக் பிடித்துச் சொல்லிவிட்டேன்.

இன்றைக்கும் அவர்தான் ஜெயித்திருக்கிறார்.