பத்தியம் தவறிய ஈஸ்ட்

"ஹலோ... ஆங், சொல்லுங்கண்ணே... கேட்குது, கேட்குது. தொட்டி எப்படி இருக்கு?... நுரை விளிம்பு வரைக்குமா? அதுக்குள்ளயா?... இருங்க, சந்தோஷமெல்லாம் அப்புறம். நிறம் என்ன?"

மகளுக்கு அம்மை போட்டிருந்ததால் ஆராய்ச்சிக்கூடத்துப் பக்கம் தலைகாட்ட முடியாமல் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தாள் அவள். ஒரு கையில் போன், மறு கையில் மகளின் சாப்பாட்டுத் தட்டு. இருப்புக் கொள்ளவில்லை. மலைச்செடி ஒன்றின் வேரில் மட்டுமே ஊறும் மஞ்சள் மருந்தை ஈஸ்ட்டின் வயிற்றில் ஊற வைப்பதற்காகவே இளமையில் பாதியைக் கரைத்தவள். நாளைக் காலை கம்பெனிக்காரர் தொட்டியைப் பார்க்க வருகிறார். மஞ்சள் தெரிந்தால் வேலை தொடரும். தெரியாவிட்டால் கூடத்துக்குப் பூட்டுதான். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ரொட்டி அண்ணனை விட்டால் ஆள் இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் ஈஸ்ட் வளர்த்தே தலை நரைத்தவர் என்பதால் அந்தப் பெயர்.

"வெள்ளையா?... பால் மாதிரியா? லைட்டைப் போட்டு நல்லாப் பாருங்கண்ணே... ம்... ம்... சாப்பாடு என்ன குடுத்தீங்க? நான் கலக்கி வச்ச பத்தியச் சாப்பாடுதானே?... என்னது, இளைச்சுப் போன மாதிரி தெரிஞ்சுதா? அதனால?... சத்துப்பொடியா! ஐயோ, யாரைக் கேட்டுப் போட்டீங்க?... துப்பாதே, முழுங்கு!... உங்களை இல்லண்ணே, பாப்பாவை."

"...இல்லண்ணே, நல்லா வளர்ந்ததுதான் தப்பு. மருந்து செய்யற ஒரு ஜீனை நாம அதுக தலையில கட்டி விட்டிருக்கோம்ல? அதை வச்சிருக்கிற ஈஸ்ட் மட்டும்தான் அந்தப் பத்தியத்துல பிழைக்கும். வயித்துக்கு வஞ்சனையில்லாமப் போட்டா, ஜீனைக் கழட்டி வீசிட்டுத் தின்னு கொழுக்கும்... ஆமா. ஆமாண்ணே. ரொட்டிக்குக் கொழுத்தாப் போதும். மருந்துக்கு வேலை செய்யணும்... ஃப்ரீசர்லயா? ஒண்ணும் இல்ல. ஜீன் வச்ச ஈஸ்ட்டோட கடைசிக் குப்பியையும் நான்தான் இதுல கொட்டினேன். இது முடிஞ்சதும் புதுசா எடுத்து வச்சுக்கலாம்னு... என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். நீங்க அழாதீங்க."

"...என்ன? ஏன் மெதுவாப் பேசறீங்க?... மஞ்சச் சாயமா?... ஒரு கரண்டி போதுமா..."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். செய்யலாம். கம்பெனிக்காரர் எட்டிப் பார்ப்பாரே தவிர ருசி பார்க்கப் போவதில்லை. அந்த நினைப்பு அருவருப்பாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"...இருக்கேன், இருக்கேன்... வேணாம்ணே. இது மருந்து. சாயத்தைக் காட்டி அவரை ஏமாத்திட்டு, அப்புறம் நோயாளிக்கு எதைக் குடுப்பேன்?... பூட்டினாப் பூட்டட்டும். நீராவியை விட்டு எல்லாத்தையும் கொன்னுட்டுத் தொட்டியைக் காலி பண்ணுங்க... ஆமா, மொத்தமும்... அவர் வந்ததும் எனக்குப் போன் போட்டுக் குடுங்க, நானே சொல்லிக்கிறேன்... ம், நீராவி சத்தம் கேட்குது."

"இன்னும் என்னண்ணே?... திட்ட மாட்டேன், சொல்லுங்க... தொட்டியில இருந்து ஒரு பாட்டில் எடுத்து வச்சீங்களா? சத்துப்பொடி போடறதுக்கு முன்னாடியா?... எதுக்கு?... ஓ, ரொட்டி வேலையில பழைய மாவுல ஒரு பிடி ஒதுக்காம எதுலயும் கை வைக்க மாட்டீங்களா... ஆமா, ஆமா, பழக்கதோஷம், புரியுது! பாட்டில் எங்க?... ஃப்ரிட்ஜ்ல, உங்க சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்துலயா? அங்கெல்லாம் சாப்பாடு... சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். எடுங்க. ஆட்டாதீங்க. நிறம் என்ன?... அண்ணே, நிறம்?"

பதில் வந்தது.

"...மஞ்சளா! அடியில மட்டுமா? போதும்ணே, போதும்... அழலை, சளி... புதுக் குடுவையில பத்தியச் சாப்பாட்டை ஊத்தி அதுல விடுங்க. காலையில காலித் தொட்டியையும் காட்டுவோம், இதையும் காட்டுவோம். அப்புறம் அவர் இஷ்டம்... சத்துப்பொடி ஒரு சிட்டிகை கூடக் கூடாது... வாடுமா? வாடட்டும்! நீங்க மட்டும் பாவம் பார்த்துடாதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேட்டுக்கிறேன்... சரி, வைக்கிறேன்."

போனை வைத்துவிட்டு, ஆறிப்போன தட்டைக் கையில் எடுத்தாள்.

"பாப்பா... ஒரே ஒரு வாய், கண்ணு. பாவம், எப்படி இளைச்சுட்டே!"