பன்னிரண்டு பாட்டில்

ஒயினில் ஐஸ் போட்டுக் குடிப்பவர்களையும் நான் மனிதர்களாகத்தான் மதிக்கிறேன், ஐயா. ருசி தெரியாதது குற்றமல்ல.

பழைய ஒயினுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்டீர்கள். நல்ல மண், நல்ல வெயில் காய்ந்த வருஷம், கைதேர்ந்த ஆள், இதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி, யாரும் அதைத் தொடாமல் விட்டது. வருஷக்கணக்கில் படுத்தவாக்கில் கிடந்தால் கசடு அடியில் படியும். ஒரு தடவை குலுங்கினால் போச்சு, மறுபடி தெளிய நாள் பிடிக்கும். சேகரிக்கிறவர்கள் பன்னிரண்டும் சேர்ந்த முழுத் தொகுதியாகத்தான் தேடுவார்கள். பதினொன்று என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். என் நிலவறை அடுக்கில் பன்னிரண்டும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் இருக்கின்றன. நாளை மறுநாள், வியாழக்கிழமை, ஒருவர் பார்க்க வருகிறார்.

என் மனைவி கெட்டவள் இல்லை. தம்பி என்றால் உயிர், அவ்வளவுதான். போன மாதம் அவன் வந்தபோது வேறொரு பழைய பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவன் அதைக் காபிக் கோப்பையில் ஊற்றி, சோடா கலந்து, மீன் தின்ற வாயோடு குடித்தான். "என்ன மச்சான், இருமல் மருந்து மாதிரி இருக்கு" என்று மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் பரிமாறிய சோறு எனக்கு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள். காலையில் நிலவறையில் தடாலென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், படிக்குக் கீழே, சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் கிடக்கிறாள். தொடையெலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. கையில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. முதலில் அதை வாங்கி அதன் இடத்தில் படுக்க வைத்தேன். நல்லவேளை, உடையவில்லை.

"என்னங்க, யாரையாவது கூப்பிடுங்க. வலி தாங்கல."

ஆட்கள் வந்தால் ஸ்ட்ரெச்சர் நுழையாது, அடுக்கை நகர்த்தச் சொல்வார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "வியாழக்கிழமை வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்றேன்.

"நாலு நாளாங்க?" என்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது, சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

போர்வை கொடுத்தேன். தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் நாற்றம் தொடங்கிவிட்டது. ரத்தம், வேர்வை, படுத்த இடத்திலேயே போன சிறுநீர். கார்க் வழியாக வாசனை உள்ளே இறங்கும் என்பது இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாததில்லை. அருவருப்பாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். கதவைச் சாத்தினேன். நேற்று முழுக்கத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இன்று காலையிலிருந்து சத்தம் இல்லை.

அக்காவைக் காணோம் என்று அவன் உங்களைக் கூட்டிவந்தது நியாயம்தான். நான்தான் சாகவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. எனக்கு வேறு வழி இல்லை, அதையும் எழுதுங்கள்.

உங்கள் ஆட்கள் கீழே இறங்குமுன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அடுக்கைத் தொட வேண்டாம். தோளிலும் இடுப்பிலும் பிடித்து ஒருக்களித்துத் தூக்கினால் இரண்டு பேர் தாராளமாக வெளியே கொண்டுவந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமையே அளந்து பார்த்துவிட்டேன்.