நூலின் மறுமுனை

தலைமையாசிரியை அவர்களே, தேகு நகர ஓவியர் சங்கப் பெரியோர்களே, மறைந்த ஓவியர் பியோ இன்சோன் அம்மையாரின் தங்கை அவர்களே, என் வகுப்புத் தோழியரே, உங்கள் துயரத்தின் முன் தலைகுனிந்து நிற்கிறேன்.

அம்மையாரின் கடைசி ஓவியத்துக்கு நூல் பிடித்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைமையாசிரியை திருத்திக் கொடுத்த உரை என் பையில் இருக்கிறது. நான் படிப்பது வேறு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதியது.

நம் பள்ளி மண்டபத்துக்கு அவர் வரைந்ததை நீங்கள் பார்த்தீர்கள். தச்சர்கள் மரத்தில் கோடு போடும் நூலை அவர் மையில் நனைத்து, ஒரு முனையை எங்களில் ஒருத்தியிடம் கொடுத்து, இழுத்துச் சுண்டுவார். கோடு நேராக விழும். மை தன் இஷ்டத்துக்குத் தெறிக்கும். அளக்க ஒரு மணி நேரம், சுண்ட ஒரு கணம். அளவில் அவரைப் போலக் கண்டிப்பானவர் உண்டா? தெறித்த மையை அவரைப் போல வரவேற்றவர் உண்டா?

ஒருநாள் என் வகுப்புத் தோழி கில்ஜா தும்மி நூலை ஆட்டிவிட்டாள்.

“ஐயோ டீச்சர், கெடுத்துட்டேன்.”

“கெடலடி. கோடு என்னுது, கோணல் உன் தும்மலோடது. இருந்துட்டுப் போகட்டும். எது யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சா போதும்.”

கடைசி நாள் என் முறை. “இவ கை பாறை மாதிரி” என்று முந்தின நாள்தான் என்னைப் புகழ்ந்திருந்தார். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையார் சுண்டிய கணத்தில் என் பிடி நழுவியது. கோடு ஒரு விரல் அகலம் சாய்ந்தது.

“ஹேரிம், கை அசஞ்சுதா?”

“இல்ல டீச்சர். கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்.”

தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப என் கைதான்” என்றார். மைக்கிண்ணத்தை மூடினார். இன்னும் மூன்று கோடுகள் பாக்கி இருந்தன.

பிறகு ஐந்து மாதம் அவர் நூலைத் தொடவில்லை. “அவங்களுக்குக் கை போயிடுச்சாம்” என்று வகுப்பில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன். நான்கு முறை அவர் வீட்டு வாசல்வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பினேன். இதைவிட வெட்கக்கேடு உண்டா? போன வாரம் நிமோனியா அவரைக் கொண்டுபோய்விட்டது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்கச் சொன்னார்கள். எனக்கு அளக்கத் தெரியாது, சுண்டவும் தெரியாது. எதைத் தொடர்வேன்? அந்த ஓவியத்தின் முன் நின்று, அவர் கை தளர்ந்ததைப் பற்றி யார் பேசினாலும் உண்மையைச் சொல்வேன். அதற்கு மட்டும் உறுதி கூறுகிறேன்.

தங்கை அவர்களே, உங்கள் அக்காவின் கை நடுங்கவில்லை.

டீச்சர், அசஞ்சது என் கை.