பழுதில்லாத பாகங்கள்

எங்க தொழில்ல எண்ணிக்கை ஒண்ணுல ஆரம்பிக்காது சார், சைபர்ல ஆரம்பிக்கும். முதல் டிஸ்க் சைபர், ரெண்டாவது டிஸ்க் ஒண்ணு, இப்படியே போகும். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா ஆஸ்பத்திரி விசாரணை அறிக்கையில, "இன்ஜினியர் எண்ணிக்கையில் தவறிவிட்டார்"னு எழுதியிருக்காங்க. நான் தவறல. ஸ்டேஷன் ரைட்டர் எழுதறதுக்குத் தோதா மெதுவாவே சொல்றேன்.

பேரு இராஜமாணிக்கம். இதே பெங்களூர்ல, ஒக்கலிபுரத்துலயே பொறந்து வளர்ந்தவன். பதினாலு வருஷமா கம்ப்யூட்டர் சர்வீஸ். மேசை மேல இருக்கற டப்பா இல்ல சார், பெரிய ஆபீஸ்ல, ஆஸ்பத்திரியில இரும்பு ரேக்குல அடுக்கி வெச்சிருப்பாங்களே, சர்வர், அது. ஃபேன் போச்சு, பவர் சப்ளை போச்சு, டிஸ்க் போச்சுன்னா கம்பெனி என்னை அனுப்பும். கெட்டதைக் கழட்டி நல்லதை மாட்டணும். கழட்டினதுல ஃபால்ட்டின்னு சீட்டு ஒட்டி ஸ்டோர்ல திருப்பிக் கொடுக்கணும். அந்தச் சீட்டு விஷயத்துல நான் ரொம்பக் கறார். நல்ல பார்ட்டைக் கெட்டதுன்னு எழுதிட்டு வெளியில தள்ளிவிடற கில்லாடிங்க இருக்காங்க. நான் ஒரு ஸ்க்ரூவைக்கூட வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனதில்ல. ஞாயித்துக்கிழமை புத்த விகாரையில பஞ்சசீலம் சொல்றப்போ, கொடுக்காததை எடுக்க மாட்டேன்னு ஒரு வரி வரும். அதை நான் வாயால மட்டும் சொல்றவன் இல்ல.

என் சம்சாரம் பேரு காந்தா. ரெண்டாயிரத்து ரெண்டுல அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. செவ்வாய், வியாழன், சனி, காலையில ஆறு மணிக்கு டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து. நான் அவ எதிர்ல தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன். ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு அதுக்குக் கீழ வாயை வெச்சுக்கிட்டு நின்னா. குடிக்கல சார், நாக்கை நனைச்சுக்கிட்டா, அவ்வளவுதான். நான் சமையல்கட்டுக்குப் போய் துண்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன்.

என் கிட்னியை எடுத்துக்கோங்கன்னேன். எனக்கு பி க்ரூப், அவளுக்கு ஓ. ஆகாதுன்னுட்டாங்க. அவளுக்குக் கூடப் பொறந்தவங்களும் இல்ல. மூளைச்சாவு ஆனவங்க வீட்டுல மனசு வெச்சுக் கொடுத்தாத்தான் உண்டு. அதுக்கு ஆஸ்பத்திரியில ஒரு லிஸ்ட். முன்னாடி அது நோட்டுல இருந்துச்சாம். சிபாரிசுல ஆளை மேல ஏத்தறாங்கன்னு பெரிய ரகளை ஆகி, கம்ப்யூட்டருக்கு மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் ஒரே சட்டம், லிஸ்ட்ல என்ன இருக்கோ அதுதான். பெரிய டாக்டரே வாயால சொன்னாலும் செல்லாது. அந்த லிஸ்ட் இருந்த சர்வருக்கு சர்வீஸ் நான்தான். ரெண்டு வருஷமா போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன், ஒரு தடவைகூட லிஸ்டைத் திறந்து பார்த்ததில்ல.

ரெண்டாயிரத்து நாலு ஆகஸ்ட்ல, ஓ க்ரூப்புல காந்தா ரெண்டாவது. முதல் ஆளு ஒரு ரிடயர்ட் வாத்தியார். இதை கிட்னி டாக்டர் சீனிவாசராகவனே எங்ககிட்ட சொன்னார்.

டயாலிசிஸ் வார்டுல காந்தாவுக்கு அடுத்த பெட் மகா. இருபத்து மூணு வயசு. ஹெப்பகோடியில ஒரு ஃபேக்டரியில சர்க்யூட் போர்டுக்கு சால்டரிங் வெச்சுக்கிட்டு இருந்த பொண்ணு. என் டூல் பையைப் பார்த்தா உடனே கையை விட்டுத் துழாவும். "அண்ணே, இந்த முனை தேய்ஞ்சு போச்சு, மாத்துங்க"ன்னும். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஐஸ் கட்டியா வெச்சு, தாகம் எடுத்தா ஒண்ணு வாயில போட்டுக்கச் சொல்லி காந்தாவுக்குக் கத்துக்கொடுத்தது அதுதான். அம்மா சின்னத்தாயி மட்டும் துணை. நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கறவங்க. எனக்கு அக்கா மாதிரி. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அந்த மாசம் ஒரு சனிக்கிழமை காலையில வார்டு வாசல்ல சின்னத்தாயி அக்கா என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. முகமெல்லாம் சிரிப்பு. மகாவுக்குக் கையில, கழுத்துல எந்த நரம்புலயும் இனிமே ஊசி ஏத்த முடியாதாம், தொடையில போட்டிருக்கற குழாய்தான் கடைசியாம். அதனால டாக்டர் புதன்கிழமை அவளை அவசரக் கேஸ்னு போட்டு, ஓ க்ரூப் லிஸ்ட்ல முதல் ஆளா ஏத்திட்டுத்தான் டெல்லிக்கு மாநாட்டுக்குப் போனாராம். போன் வரும், எந்நேரமும் தயாரா இருங்கன்னு சொன்னாராம். அதுக்காகவே ஒரு பழைய செல்போன் வாங்கியிருந்தாங்க.

"இது ஒழுங்கா அடிக்குதான்னு பாரு தம்பி. நமக்கு இதெல்லாம் தெரியாது" அப்படின்னாங்க.

நான் வாங்கிப் பார்த்தேன். என் போன்லேர்ந்து ஒரு ரிங் விட்டேன். நல்லா அடிச்சுது. பஸ்ல கேக்கணுமேன்னு சத்தத்தை இன்னும் கூட்டி வெச்சுக் கொடுத்தேன். அப்ப என் மனசுல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல, இதை நீங்க எழுதிக்கணும்.

எட்டு மணிக்கு நர்ஸ் ஒருத்தங்க காந்தா காதுல சொன்னாங்க. ஓசூர் ரோட்டுல பைக்ல அடிபட்ட ஒருத்தர், ஐசியூல மூளைச்சாவு, வீட்டுல கையெழுத்துப் போட்டுட்டாங்க, ஓ க்ரூப், ரெண்டு கிட்னியும் நம்ம ஆஸ்பத்திரிக்கே. காந்தா என் கையைப் பிடிச்சா. ஐஸ் மாதிரி இருந்துச்சு. "நான் ரெண்டாவதுதானேங்க" அப்படின்னா. அவளுக்கு மகா விஷயம் தெரியாது. ரெண்டு கிட்னி, மூணு பேர் சார். மகா, வாத்தியார், அப்புறம்தான் காந்தா. அடுத்தது எப்ப வரும்? இது வரவே ரெண்டு வருஷம் ஆச்சு. காந்தாவோட இதயம் வீங்கிக்கிட்டு வருதுன்னு போன மாசமே ரிப்போர்ட் வந்திருந்துச்சு. தாயும் பிள்ளையும்னாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்வாங்க. நான் அதைத்தான் நினைச்சுக்கிட்டேன்.

ஒன்பதரைக்கு எங்க கம்பெனியிலேர்ந்து போன். முந்தின நாளே அந்த ஆஸ்பத்திரி சர்வர்ல ஒரு டிஸ்க் போயிருந்துச்சு, புது டிஸ்க் வந்தாச்சு, நீ அங்கதானே இருக்க, மாட்டிடுன்னாங்க. நானா தேடிப் போகல சார். வேலைதான் என்னைத் தேடி வந்துச்சு.

அந்த மெஷின்ல அஞ்சு டிஸ்க். அஞ்சு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தன் விட்டுட்டாலும் நாலு பேர் சமாளிச்சுடுவாங்க. ரெண்டாவது ஆளும் விட்டான்னா கட்டில் கீழதான். ஒரு டிஸ்க் செத்தப்புறமும் மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். ஓடறப்பவே செத்ததை உருவிட்டுப் புதுசைச் செருகலாம். அந்த மாடல்ல முன்னாடி பொதுவா ஒரு ஆரஞ்சு லைட்தான் எரியும், எந்த டிஸ்க்குன்றதை ஸ்க்ரீன்ல நம்பர் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். நம்பர் மூணுன்னு இருந்துச்சு. சைபர்லேர்ந்து எண்ணினா அது நாலாவது டிஸ்க். புதுசா வர்றவங்க ஒண்ணுலேர்ந்து எண்ணி மூணாவதை உருவிடுவாங்க. நல்ல டிஸ்க் போயிடும். எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு இது. இதுக்காக யாரையும் ஜெயில்ல போட்டதில்ல.

நான் மூணாவதை உருவினேன். உள்ள சுத்திக்கிட்டு இருந்த தட்டு நிக்கறது கையில தெரியும் சார், லேசா ஒரு நடுக்கம். ஆஸ்பத்திரி முழுக்க ஸ்க்ரீன் நின்னு போச்சு.

அப்பக்கூடத் திருப்பிச் செருகி, ரெண்டு கட்டளை கொடுத்தா, பத்து நிமிஷத்துல எல்லாம் எழுந்திருக்கும். அது எனக்கு நல்லாத் தெரியும். அந்த டிஸ்க்கைத் துணியில சுத்திப் பையில வெச்சுக்கிட்டேன். அதுல ஃபால்ட்டின்னு சீட்டு ஒட்டினேன். பையில அவசரத்துக்குன்னு எப்பவும் ஒரு டிஸ்க் இருக்கும், அதையும் வந்த புதுசையும் மாட்டி, மெஷினை முதல்லேர்ந்து தயார் பண்ணினேன்.

இனி டேப்புல இருக்கற நகலைத்தான் எடுத்து ஏத்தணும். தினமும் ஒரு டேப் எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை டேப்பைப் போட்டேன். அது நல்லாப் படிச்சுது. நான் நிறுத்திட்டேன். படிக்கலைன்னு சொல்லிட்டு, வியாழன்லேர்ந்து திங்கள் வரைக்கும் உள்ள டேப்பைத் தொடாமலே அதுவும் படிக்கலைன்னு எழுதிட்டு, போன ஞாயித்துக்கிழமை டேப்பை ஏத்தினேன். ஞாயித்துக்கிழமை மகா எட்டாவது இடத்துல இருந்தா. ஒண்ணேகாலுக்கு மெஷின் எழுந்திருச்சுது.

அஞ்சு நாள் விவரம் விட்டுப் போயிருக்கு, பேப்பரைப் பார்த்துத் திரும்ப ஏத்துங்கன்னு எல்லா கவுண்டருக்கும் நேர்ல போய்ச் சொன்னேன். பில்லிங், லேப், மருந்துக்கடை, எல்லாருக்கும். மமதா மேடம் ரூமுக்கு மட்டும் போகல. அவங்கதான் கிட்னி லிஸ்டைப் பார்த்துப் போன் பண்றவங்க, வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு. அவங்களே வராண்டாவுல ஓடி வந்தாங்க.

"சார், லிஸ்ட் எல்லா சரி இதெயா?"

"சரி இதெ மேடம்" அப்படின்னேன், எல்லாம் சரியா இருக்குன்னு.

சர்வீஸ் ரிப்போர்ட்ல, பழுதான பாகம் மாற்றப்பட்டது, விவரங்கள் சரிபார்க்கப்பட்டனன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டேன். ரெண்டரை மணிக்கு காந்தாவை ஆபரேஷனுக்குத் தயார் பண்ணினாங்க. மகாவும் அம்மாவும் அதுக்கு முன்னாடியே டயாலிசிஸ் முடிஞ்சு ஹெப்பகோடி பஸ் ஏறிட்டாங்க.

நாலாவது வாரம் காந்தா ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து குடிச்சா சார். கழுத்து ஏறி எறங்கறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். முடிச்சுட்டு, "இன்னொண்ணு குடிக்கட்டா"ன்னு என்னைக் கேட்டா. நீங்க அதைப் பார்த்திருக்கணும்.

அதுக்கு முன்னாடி, பத்தொன்பதாவது நாள், மகா போயிடுச்சு. டாக்டர் வந்து மறுபடி முதல்ல ஏத்தினார், ஆனா வேற கிட்னி வரல. விசாரணை வெச்சாங்க. நான் எண்ணிக்கையில தவறிட்டேன்னு எழுதிக்கொடுத்தேன், ஒரு எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. மமதா மேடம் பேப்பரோட ஒத்துப் பார்க்கலைன்னு வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அது நான் எதிர்பார்க்காதது. லிஸ்ட்ல நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலையேன்னு என்னை நானே தேத்திக்கிட்டேன். லிஸ்ட் கொடுத்துச்சு, காந்தா வாங்கிக்கிட்டா.

சின்னத்தாயி அக்காவுக்கு யாரும் எதுவும் சொல்லல. முதல் ஆளுன்னு சொன்னாங்களே, ஏன் போன் வரலன்னு அவங்க என்னைத்தான் கேட்டாங்க. நான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவனாச்சே. பஸ்ல போறப்போ சிக்னல் கிடைச்சிருக்காது, போன் அடிச்சிருக்காதுக்கான்னு சொன்னேன். அவங்க மனசு ஆறட்டும்னுதான் சொன்னேன்.

ரெண்டு வருஷமா அவங்க மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வர்றாங்க. காந்தா விடமாட்டா. அக்கா வந்து காந்தா தலையைத் தடவி, நீயாவது நல்லாயிருடின்னுட்டு, சாப்பிட்டுட்டுப் போவாங்க. நேத்து வந்தப்போ அந்தப் போனை என் முன்னால வெச்சாங்க.

"இதைப் பிரிச்சுப் பாரு தம்பி. எது ரிப்பேர்னு சொல்லு. அடிச்சு எனக்குத்தான் கேக்கலையோன்னு தெனம் மண்டையில இடிக்குது. அன்னிக்கு பஸ்ல நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். போனு ரிப்பேருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா நான் நிம்மதியா செத்துடுவேன்."

பிரிச்சேன். பேட்டரி, ஸ்பீக்கர், ஆன்டெனா, ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணினேன். எதுலயும் குறையில்ல. அக்கா என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. காந்தா பின்னாலேர்ந்து, ரிப்பேர்னு சொல்லிடுங்களேன்னு கண்ணைக் காட்டினா. என்னால முடியல சார். பதினாலு வருஷத்துல நல்ல பார்ட்டுல ஃபால்ட்டின்னு ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கேன். ரெண்டாவது தடவை எழுதற ஆளு நான் இல்ல. நாளைக்குச் சொல்றேன்க்கான்னு அனுப்பிட்டு, ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு இருந்துட்டுக் காலையில இங்க வந்தேன்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். என்னை என்ன வேணா செய்ங்க, காந்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கிட்னியைக் காப்பாத்த அவ தினமும் காலையில, சாயங்காலம் மாத்திரை போடணும். மகாவுக்கு வர வேண்டியதை நான் பிடுங்கினதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவா. அவ குணம் எனக்குத் தெரியும்.

இதோ, ரெண்டையும் கொண்டுவந்திருக்கேன். இது அன்னிக்கு உருவின டிஸ்க், ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தது. இது அக்காவோட போன். ரசீதுல தெளிவா எழுதிக்கோங்க சார். ரெண்டுலயும் ஒரு குறையும் இல்ல, நானே செக் பண்ணிட்டேன்.